மீட்டர் சொன்னது 90 ஆயிரம். பெடல் சொன்னது வேறு!

செவிலிமேடு,
சீட்டு எடுத்த பணத்தில் பழைய குவாலிஸ் பார்க்கப் போனார், பட்டு நெசவாளர் ஒருவர். "சிங்கிள் ஓனர்ண்ணே! 90 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்றார் புரோக்கர்.

கூட வந்த மெக்கானிக் குனிந்து பார்த்தார். பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து கிடந்தது. "மீட்டரைத் திருப்பிடலாம்ண்ணே, இதைத் திருப்ப முடியாது!"

"ஆர்.சி.யைப் புதுப்பிச்சிட்டு வாங்க, அப்புறம் விலை பேசலாம்" என்று நெசவாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

10 ஆயிரம் செலவு
குவாலிஸ் விற்பனைக்கு வந்தது 2000-ல். தயாரிப்பு நின்றது 2005-ல். எல்லாமே 20 வயதைத் தாண்டிய வண்டிகள்! 15 ஆண்டு முடிந்தால், 5 ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கணும். 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டு முதல் கட்டணம் 10 ஆயிரம் ரூபாய்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.சி. காலாவதி தேதி, கடன் பாக்கி இரண்டையும் பார்ப்பது நல்லது.