வேளை பார்த்து வண்டியை எடுங்கள்

பொழுது விடியுமுன் பால்மரம் வெட்டப் போவது ஏன் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குளிர்ந்த வேளையில் பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். மரமும் அதுதான், கத்தியும் அதுதான்; வேளைதான் வேறு. சாலையும் அப்படித்தான், வாசகர்களே!

சிங்கப்பூர் கிளமெண்டியில் வாழும் மகளையோ தம்பி குடும்பத்தையோ பார்க்க ஜொகூரிலிருந்து வண்டி எடுப்பவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நெரிசலில் சிக்கி, அழும் குழந்தையைச் சமாதானப்படுத்தியபடி வண்டியிலேயே பாதி நாளைக் கழித்த அனுபவமும் இருக்கும்.

ஒரு சாலை தாங்கும் அளவுக்குள் வண்டிகள் ஓடும்வரை தொல்லையில்லை. அந்த அளவு நிறைந்தபின் இன்னும் கொஞ்சம் வண்டிகள் சேர்ந்தாலே வேகம் சரிந்துவிடும். முன்னால் ஒருவர் லேசாகப் பிரேக் போட்டால், பின்னால் வருபவர் அழுத்திப் போடுவார். அவருக்கும் பின்னால் உள்ளவர் நின்றே விடுவார். ஆகவே, எல்லோரும் புறப்படும் நேரத்துக்குச் சற்று முந்திக்கொள்வது பெரிய லாபம்.

இதை நன்கு உணர்ந்த ஊர் சிங்கப்பூர். 1975 ஜூன் 2-ல், காலை 7.30 முதல் 9.30 வரை நகர மையத்துக்குள் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி என்று விதித்தார்கள். நான்கு பேர் ஏறிய காருக்குக் கட்டணமில்லை. கார்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் மனிதர்கள் கெட்டிக்காரர்கள் அல்லவா? 9.30 அடிக்கட்டும் என்று காத்திருந்து நுழைந்தார்கள். அதனால் அதே ஆண்டு ஆகஸ்டில் கட்டண நேரத்தை 10.15 வரை நீட்டிவிட்டார்கள்! 1998-ல் மின்னியல் சாலைக் கட்டணம் வந்தது. நெரிசலுக்குத் தக்கபடி நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறும். விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர் வேகம் இருக்கவேண்டும் என்பது கணக்கு. வெளிநாட்டு வண்டிகளுக்கும் இந்தக் கட்டணம் உண்டு. ஞாயிறு, பொது விடுமுறைகளில் இல்லை.

கிளமெண்டிக்குப் போகிறவர்களுக்கு 1998-ல் திறந்த துவாஸ் இரண்டாம் பாலம் வசதி. பாலத்தைத் தாண்டினால் ஆயர் ராஜா விரைவுச்சாலை. நகர மையத்தைத் தொடாமலே போய்ச் சேரலாம்.

வார நாட்களில் காலையில் ஜொகூரிலிருந்து வேலைக்குப் போகும் கூட்டம். மாலையில் அதே கூட்டம் திரும்பும். நீங்கள் எதிர்த்திசையில் போகப் பாருங்கள். வார நாட்களில் மாலை 5 மணிக்குமேல் நுழையும் காருக்கு நுழைவு அனுமதிக் கட்டணமும் இல்லை. ஆனால் பின்னிரவு 2 மணிக்குள் திரும்பிவிட வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை சிங்கப்பூரை விட்டு வராதீர்கள். ஞாயிறு மாலை உள்ளே போகாதீர்கள். பள்ளி விடுமுறையும் பெருநாளும் என்றால் இன்னும் முந்துங்கள்.

சிராங்கூன் சாலையில் சேலை எடுக்கவேண்டுமா? காரைக் கிளமெண்டியிலேயே விட்டுவிட்டு ரயிலேறுங்கள். ஊட்ரம் பார்க்கில் மாறினால் லிட்டில் இந்தியா நிலையத்திலேயே இறங்கலாம். நிறுத்த இடம் தேடி அலையவேண்டாம்.

ஒன்றை மறக்கக்கூடாது. நேரத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. விடியுமுன் எழுந்து மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் தாண்டும் நம் பிள்ளைகள் நெரிசலுக்குப் பணமாகக் கொடுப்பதைவிட, தூக்கமாகக் கொடுப்பதே அதிகம். தூங்கி வழிந்தபடி ஓட்டுவது நெரிசலைவிட ஆபத்து. விடிகாலைப் பயணம் என்றால், முதல்நாள் இரவு நேரத்தோடு படுக்கச் சொல்லுங்கள்.

விருந்துக்குப் போகும் நமக்கோ நேரம் நம் கையில். அவர்கள் வேலைக்கு விரையும் நேரத்தில் நம் வண்டியையும் சாலையில் இறக்காமலிருந்தால், அது நமக்கும் நல்லது; அவர்களுக்குச் செய்யும் உதவியும் ஆகும்.