முட்டிக்குள் கழலும் எலும்பு

13 வயதுப் பையன் முட்டி வலிக்கிறது என்கிறான். அடிபட்ட ஞாபகம் இல்லை. ‘வளர்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்’ என்று தைலம் தேய்த்துவிடுகிறோம். வாரக்கணக்கில் வலி நீடித்தால் அப்படி விடவே கூடாது.

ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபிரான்ஸ் கோனிக் 1887-இல் பெயரிட்ட ‘ஆஸ்டியோகாண்ட்ரைட்டிஸ் டிசக்கன்ஸ்’ என்ற மூட்டுக் கோளாறாக அது இருக்கலாம். இது பெரும்பாலும் 10 வயதுக்கும் 20 வயதுக்கும் இடையில் தலைகாட்டும். கோளாறு தொடங்குவது குருத்தெலும்பில் அல்ல, அதைத் தாங்கும் எலும்பில். தொடை எலும்பின் கீழ்முனையில், பெரும்பாலும் உட்புறக் குமிழில், சிறு பகுதி ரத்தம் போதாமல் வலுவிழக்கிறது. ஓயாத ஓட்டமும் குதிப்பும் தரும் அழுத்தம் முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. மேலே வழவழப்பான குருத்தெலும்பு முதலில் முழுசாகவே இருக்கும். அடித்தளம் தளர்ந்த பிறகுதான் அதில் விரிசல் விழும். கடைசியில் துண்டு கழன்று மூட்டுக்குள் அலையும். மடக்கிய காலை நீட்ட முடியாமல் முட்டி பூட்டிக்கொள்ளும்.

நேராக நின்று எடுக்கும் எக்ஸ்-ரேயில் இந்தக் கோளாறு தப்பிவிடலாம். முட்டியை மடக்கியும் எடுக்க வேண்டும். துண்டு உறுதியாக ஒட்டியிருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டும்.

பிள்ளையின் எலும்பு நீள உதவும் வளர்ச்சித் தகடு இன்னும் மூடவில்லை, துண்டும் அசையவில்லை என்றால் முதல் வைத்தியம் ஓய்வுதான். விளையாட்டை நிறுத்தி மாதக்கணக்கில் காத்திருந்தால் பலருக்கு எலும்பு தானாகவே கூடிவிடுகிறது. விளையாட்டே உயிர் என்றிருக்கும் பிள்ளைக்கு அது பெரிய தண்டனை. கூடவே இருந்து தேற்றுவது பெற்றோரின் வேலை. ஓய்வில் எலும்பு கூடாவிட்டால் அதில் மெல்லிய துளைகள் போட்டு ரத்தம் வர வழி செய்வார்கள். துண்டு தளர்ந்திருந்தால் திருகாணியால் பொருத்துவார்கள்.

துண்டு பயன்படாமல் போனால்தான் சிக்கல். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. காயம் தானாக ஆறாது. எலும்பில் நுண்துளையிட்டால் அங்கே வளர்வது தழும்புபோன்ற நாரிழை, பழைய வழவழப்பு வராது. நோயாளியின் குருத்தெலும்புச் செல்களையே ஆய்வகத்தில் பெருக்கி முட்டியில் வைக்கும் முறையை சுவீடனின் கோத்தன்பர்க் குழு 1994-இல் வெளியிட்டது. அருமையான சாதனைதான். ஆனாலும் சொந்தத் துண்டைக் காப்பாற்றுவதற்கு ஈடாக எதுவும் இல்லை என்பதே என் எண்ணம்.

ஓய்வெடுத்த சில வாரங்களிலேயே வலி போய்விடும். பிள்ளை மைதானத்துக்கு ஓடத் துடிக்கும். எலும்பு கூடியிருக்கிறதா என்பதைப் படத்தில் பார்த்த பிறகே டாக்டர் அனுமதிப்பார். அதுவரை ஷூவை எடுத்து வைத்துவிடுங்கள்.