முகவரி மாறிய பிரிண்டர்!



காரைக்கால் தருமபுரத்தில் எங்கள் வீட்டில் ஒரு பிரிண்டர் இருக்கிறது. மாங்கனித் திருவிழா முடிந்த மறுவாரம், காலை எட்டு மணிக்கு எதிர்வீட்டு மாணவி ஓடி வந்தாள். "தாத்தா! அறிவியல் புராஜெக்ட் இன்னைக்கே கொடுக்கணும். நாலு பக்கம் பிரிண்ட் எடுத்துத் தாங்க" என்றாள்.

பிரிண்டரில் விளக்கு எரிந்தது. காகிதம் இருந்தது, மையும் இருந்தது. கணினியோ 'ஆஃப்லைன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தது. ஜெராக்ஸ் கடையும் திறக்கவில்லை. பாவம், கண் கலங்கியபடியே பள்ளிக்குப் போனாள்.

கோளாறு எங்கே? முகவரியில்!

கடிதத்துக்குப் பின்கோடு எழுதுகிறோம் அல்லவா? 1972 ஆகஸ்ட் 15-இல் நம் நாட்டில் வந்த முறை அது. காரைக்கால் தலைமை அஞ்சலகத்துக்கு 609602. அதுபோல, வீட்டு வைஃபையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு. அதுதான் ஐ.பி. முகவரி. 192.168.1.5 என்பதுபோல் நான்கு எண்கள், நடுவே புள்ளிகள். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255-க்குள் இருக்கும்.

பின்கோடு நிலையானது. இந்த எண்ணோ இரவல்! ரவுட்டர் அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கும். திருவிழாவுக்கு வந்த உறவினர்களின் போன்கள் எங்கள் வைஃபையில் சேர்ந்தன. ஒரு வாரமாக அணைந்து கிடந்த பிரிண்டரின் எண், ஒரு போனுக்குப் போய்விட்டது. பிரிண்டருக்குப் புது எண் கிடைத்தது. அது கணினிக்குத் தெரியவில்லை.

வகுப்பில் நேற்று மூன்றாம் பெஞ்சில் இருந்தவன் இன்று ஐந்தாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். ஆசிரியர் முகம் பார்க்காமல் விடைத்தாளை மூன்றாம் பெஞ்சிலேயே வைத்தால் என்ன ஆகும்? அதே கதைதான்!

இதற்கு வழி, பிரிண்டருக்கென்று ஓர் எண்ணை ஒதுக்கி வைப்பது. வீட்டுப் பெரியவர்களுடன் சேர்ந்து செய்யுங்கள்.

1. பிரிண்டரின் நெட்வொர்க் பகுதியில் 'மேக் முகவரி' இருக்கும். எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக 12 குறிகள். பள்ளிச் சான்றிதழில் மச்சத்தை அங்க அடையாளமாக எழுதுவார்களே, அதுபோல இது பிரிண்டருக்குத் தொழிற்சாலையிலேயே இட்ட அடையாளம். குறித்துக்கொள்ளுங்கள்.

2. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அதன் முகவரி இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. அதைக் கணினியின் பிரவுசரில் தட்டி, கடவுச்சொல் கொடுத்து உள்ளே போங்கள்.

3. 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற பகுதியில் மேக் முகவரியையும், வேறு கருவிக்குப் போகாத ஓர் எண்ணையும் பதிந்து சேமியுங்கள்.

4. பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். கணினியில் பழைய பிரிண்டரை நீக்கி, புது எண்ணைக் கொடுத்து மீண்டும் சேருங்கள்.

பிரிண்டரிலேயே எண்ணை நேரடியாகப் பதியலாம். ஆனால், அது ரவுட்டருக்குத் தெரியாமல் போனால், அதே எண்ணை இன்னொரு கருவிக்கும் கொடுத்துவிடும். ஒரே நாற்காலிக்கு இருவர் சண்டை! அதனால் ரவுட்டரில் பதிவதே நல்லது.

அன்று மாலையே இதைச் செய்து முடித்தேன். எதிர்வீட்டு மாணவி மறுநாள் நான்கு பக்கங்களையும் அச்செடுத்துப் போனாள். ஒரு நாள் தாமதம்தான். ஆனால், இனி அந்தக் கண்ணீர் வராது.

சரி, உங்கள் வீட்டு பிரிண்டரின் எண் என்ன? கண்டுபிடியுங்கள், பார்க்கலாம்!