ஒரே வைரம், இரண்டு விலை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கிரைண்டிங் வேலை நடக்கும் பட்டறைகளில் வைரம் சாதாரணமாகப் புழங்குகிறது என்றால் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எஃகைத் தேய்த்துத் தேய்த்து மழுங்கிய சாணைச் சக்கரத்தின் முகத்தைச் சீவிச் சரிசெய்ய, முனையில் வைரம் பதித்த சிறு தண்டு ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். 'டைமண்ட் டிரஸ்ஸர்' என்பது பட்டறையில் அதன் பெயர். அதே அம்பத்தூரிலும், ஆவடி, பூந்தமல்லி கடைத்தெருக்களிலும் உள்ள நகைக்கடைகளில் வேறு வைரங்கள் கண்ணாடிப் பேழைக்குள் மின்னுகின்றன. ஒன்று உழைக்கும் வைரம், மற்றொன்று அணியும் வைரம். இரண்டும் கரி அணுக்களால் ஆனவையே.

அண்மை ஆண்டுகளில் இந்த நகைக்கடைகளுக்கு மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. அதுவும் அணியும் வைரந்தான். ஆனால் சுரங்கத்தில் தோண்டி எடுத்ததன்று, ஆய்வுக்கூட முறையில் எந்திரத்தில் வளர்த்தது. ஒரே எடையும் ஒரே தரமும் கொண்ட சுரங்க வைரத்தின் விலையில் மிகச் சிறிய பங்குக்கே அது கிடைக்கிறது. அப்படியானால் அது போலியா? போலி இல்லையென்றால் சுரங்க வைரத்துக்கு ஏன் அவ்வளவு விலை? மகளுக்கு ஏழுகல் தோடு வாங்க ஆண்டுக்கணக்கில் பணம் சேர்க்கும் குடும்பம் எதைக் கேட்டு வாங்க வேண்டும்? இக்கேள்விகளுக்கு இயற்பியல் ஓரளவு விடை தருகிறது. எஞ்சியதற்கு விடை சந்தையில் இருக்கிறது.

வைரத்தின் இயல்புகள்

வைரப் படிகத்தில் ஒவ்வொரு கரி அணுவும், ஒரு நான்முகியின் முனைகளில் அமைந்த வேறு நான்கு கரி அணுக்களுடன் வலுவாகப் பிணைந்திருக்கிறது. எத்திசையில் சென்றாலும் இதே அமைப்புத்தான். பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் கரிதான். ஆனால் அதில் அணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்டிருப்பதால் தாள்கள் எளிதில் வழுக்கிப் பிரிகின்றன. வைரத்தின் கடினத்துக்கு அதன் முப்பரிமாணப் பிணைப்பே காரணம்.

இப்பிணைப்பினால் மற்றொரு சிறப்பும் விளைகிறது. விறைப்பான பிணைப்புகளின் வழியே அணுக்களின் அதிர்வு மிக விரைவாகப் பரவுவதால், வைரம் வெப்பத்தைச் செம்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு நன்றாகக் கடத்துகிறது. ஆயினும் தூய வைரம் மின்சாரத்தைக் கடத்துவதில்லை.

மூன்றாவது இயல்பு ஒளியைப் பற்றியது. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42. சாதாரணக் கண்ணாடிக்கு இது சுமார் 1.5 தான். இதனால் வைரத்தின் மாறுநிலைக் கோணம் 24.4 பாகையாகக் குறைந்துவிடுகிறது. கண்ணாடிக்கு அது ஏறத்தாழ 42 பாகை. மேற்புறமாக நுழைந்த ஒளி அடிப்பட்டைகளில் இக்கோணத்தைவிடச் சாய்வாக விழுந்தால் வெளியேற முடியாமல் முழு அக எதிரொளிப்பு அடைந்து, மீண்டும் மேற்புறமாகவே வெளிவருகிறது. பட்டை தீட்டுபவரின் திறமையெல்லாம், உள்ளே போன ஒளியை இவ்வாறு கண்ணுக்கே திருப்பி அனுப்புவதில் இருக்கிறது.

எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு வைரத்தோடு மங்குவதும் இதனால்தான். கல்லின் அடியில் எண்ணெய் படிந்தால், காற்று இருந்த இடத்தில் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5 உள்ள ஒரு பொருள் வந்துவிடுகிறது. மாறுநிலைக் கோணம் 38 பாகைக்கு உயர, ஒளியில் ஒரு பகுதி கீழ்வழியாகக் கசிந்து போகிறது. பூந்திக்கொட்டை நீரில் கழுவியதும் பழைய பளபளப்பு திரும்புகிறது. பாட்டிமார் அறிந்திருந்த இந்த வைத்தியத்தின் பின்னே நல்ல ஒளியியல் இருக்கிறது.

போலிகளைப் பிரித்தறிதல்

வைரம்போல் தோன்றும் கற்களில் நமக்கு நன்கு பழக்கமானது 'அமெரிக்கன் டைமண்ட்'. இது கரியே அன்று. சிர்க்கோனியம் ஆக்சைடு என்னும் பொருளின் கனசதுரப் படிகம். இதைப் பெருமளவில் வளர்க்கும் முறையை 1970-களில் உருவாக்கியவர்கள் சோவியத் விஞ்ஞானிகள் என்பது அந்தப் பெயருக்கு நேர்ந்த வேடிக்கை.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. வைரத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 3.52 கிராம், இதன் அடர்த்தி 6 கிராமை நெருங்கும். ஆகவே ஒரே பருமனுள்ள இரு கற்களில் இது வைரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கும் அதிக எடை இருக்கும். வெப்பத்தையும் இது மிகக் குறைவாகவே கடத்தும். நகைக்கடையில் பேனா போன்ற ஒரு கருவியால் கல்லைத் தொட்டுப் பார்ப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அதன் சூடான முனையிலிருந்து கல் எவ்வளவு விரைவாக வெப்பத்தை இழுக்கிறது என்பதையே அது அளக்கிறது.

இந்தப் பேனாவையும் ஏமாற்றக்கூடிய கல் ஒன்று உண்டு. சிலிக்கன் கார்பைடால் ஆன மாய்சனைட் என்னும் அக்கல்லும் வெப்பத்தை நன்கு கடத்தும். ஆனால் அது ஒளியை இரட்டையாக விலக்கும். பூதக்கண்ணாடியில் சற்றுச் சாய்வாகப் பார்த்தால் பின்புறப் பட்டைகளின் விளிம்புகள் இரண்டிரண்டாகத் தெரியும். வைரத்தில் அவ்வாறு தெரியாது.

ஐயமற்ற சோதனையை நமக்குத் தந்தது இராமன் விளைவு. திருச்சிக்கருகே பிறந்த சர் சி.வி. இராமன் 1928-ல் இதைக் கண்டறிந்தார். ஒற்றைநிற ஒளியை ஒரு பொருளின்மீது செலுத்தினால், சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி அப்பொருளுக்கே உரிய அளவில் அலை எண் மாறி வருகிறது. வைரத்துக்கு இம்மாற்றம் ஒரு சென்டிமீட்டருக்கு 1332 என்பதை, இரண்டே ஆண்டுகளில், 1930-ல், சி. இராமசாமி என்ற இந்திய ஆய்வாளர் வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களில் வைரத்தின் கைரேகை இந்த எண்தான்.

எந்திரத்தில் விளையும் வைரம்

இப்போது எந்திர வைரத்துக்கு வருவோம். அதை எந்தச் சோதனைக்கு உட்படுத்தினாலும் அது வைரமாகவே நடந்துகொள்ளும். அடர்த்தி 3.52, ஒளிவிலகல் எண் 2.42, இராமன் கோடு 1332. பேனா வைரமென்றே காட்டும். ஆகவே அதைப் போலி என்று இயற்பியல் கூறாது.

அது உருவாக இரு வழிகள் உள்ளன. முதலாவது பூமியைப் பின்பற்றுவது. இயற்கையில் வைரம் சுமார் 150 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழங்காலத்தில் உருவாகி, எரிமலைப் பாறைக் குழம்புடன் மேலே வந்தது. அந்த ஆழத்து நிலையை எந்திரத்தில் உண்டாக்கி, 50,000 வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தத்திலும் 1,300 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலும், உருகிய இரும்பு, நிக்கல் போன்ற உலோகங்களில் கரியைக் கரைத்துப் படிகமாக்குகிறார்கள். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1955-ல் அறிவித்தது இம்முறையையே. அன்று கிடைத்த சிறு துகள்கள் நகைக்கு உதவவில்லை, தொழிற்சாலைகளுக்கே சென்றன. சாணைச் சக்கரம், துளையிடும் கருவி, அறுக்கும் வாள் ஆகியவற்றில் உள்ள வைரத்தூள் இன்று பெரும்பாலும் இவ்வகையினதே.

இரண்டாவது முறை வாயுவிலிருந்து விளைப்பது. ஒரு மெல்லிய வைரத் தகட்டை விதையாக அறைக்குள் வைத்து, மிகுதியான ஹைட்ரஜனுடன் சிறிதளவு மீத்தேன் வாயுவைக் கலந்து, குறைந்த அழுத்தத்தில் மைக்ரோ அலைகளால் சூடாக்குகிறார்கள். மீத்தேனிலிருந்து பிரியும் கரி அணுக்கள் விதையின்மேல் படலம் படலமாகப் படிகின்றன. கிராஃபைட்டாகப் படியும் கரியை ஹைட்ரஜன் அரித்து நீக்க, வைரம் மட்டும் வளர்கிறது. மீத்தேன் நம் சாணஎரிவாயுவில் உள்ள அதே வாயுதான். சில வாரங்களில் ஒரு காரட் கல்லுக்குரிய படிகம் கிடைத்துவிடும். காரட் என்பது இங்கே எடை. ஒரு காரட் 200 மில்லிகிராம். தங்கத்தின் தரத்தைக் குறிக்கும் காரட் வேறு.

இரண்டும் ஒன்றேயானால், எது எந்திரத்தில் விளைந்தது என்று எவ்வாறு அறிவது? கல்லின் வரலாறு அதன் உள்ளே பதிந்திருக்கிறது. இயற்கை வைரங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் சிறிது நைட்ரஜன் உண்டு. பூமியின் வெப்பத்தில் நெடுங்காலம் கிடந்ததால் அந்த நைட்ரஜன் அணுக்கள் இரண்டு, நான்கு எனக் கூட்டுச் சேர்ந்திருக்கும். சில வாரங்களில் வளர்ந்த கல்லுக்கு அதற்கு அவகாசம் இல்லை. மேலும், ஆற்றல் மிக்க புறஊதா ஒளியில் ஒளிரும்போது இயற்கைக் கல்லும் எந்திரக் கல்லும் வெவ்வேறு வளர்ச்சிக் கோலங்களைக் காட்டும். இவற்றைக் காணத் தனிக் கருவிகள் வேண்டும். வெறும் கண்ணாலோ பூதக்கண்ணாடியாலோ வெப்பப் பேனாவாலோ இயலாது. எத்தனை ஆண்டு அனுபவமுள்ள வணிகரானாலும் இதுவே நிலை.

விலை எங்கிருந்து வருகிறது?

பழங்காலத்தில் கல்லின் குணத்தைப் பார்த்தே விலை மதித்தார்கள். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் வரும் மதுரை மணிக்கடைத் தெருவில், காகபாதம் முதலிய குற்றங்கள் இல்லாத வைரமே சிறந்தது எனக் காண்கிறோம். பிற்காலத்தில் குணத்துடன் பிறப்பிடமும் சேர்ந்துகொண்டது. நம் வீடுகளில் பெருமையாகச் சொல்லப்படும் 'புளூ ஜாகர்' என்ற பெயர், நீலச் சாயை வீசும் கற்களுக்குப் புகழ்பெற்ற தென்னாப்பிரிக்க ஜாகர்ஸ்ஃபோன்டீன் சுரங்கத்திலிருந்து வந்தது. அச்சுரங்கம் 1971-லேயே மூடப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் இன்றும் விற்பனையாகிறது.

தென்னாப்பிரிக்காவில் 1860-களின் இறுதியில் வைரம் கிடைக்கத் தொடங்கியதும், ஏராளமாக வந்த கல் விலையைச் சரித்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. 1888-ல் தோன்றிய டி பீர்ஸ் நிறுவனம், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகின் பட்டை தீட்டாத வைர வணிகத்தில் பெரும்பங்கைத் தன் கையில் வைத்திருந்தது. தேவை குறைந்தபோது கல்லை இருப்பில் வைத்து விலையைக் காத்தது. ஆகவே வைரத்தின் விலையில் அருமையும் இருந்தது, ஏற்பாடும் இருந்தது.

எந்திர வைரத்துக்கு இந்த இரண்டும் இல்லை. மேலும் எந்திரங்கள் வைத்தால் மேலும் வைரம் விளையும். அந்த டி பீர்ஸ் நிறுவனமே 2018-ல் 'லைட்பாக்ஸ்' என்ற பெயரில் எந்திர வைரத்தை ஒரு காரட் 800 டாலருக்கு விற்கத் தொடங்கியது. 2024-ல் அதன் சாதாரண வகை 500 டாலருக்கு இறங்கியது. 2025-ல் அந்தப் பிரிவையே மூடுவதாக நிறுவனம் அறிவித்தது. கற்களைத் தரம்பிரிக்கும் அமெரிக்காவின் ஜி.ஐ.ஏ. நிறுவனமும், 2025 அக்டோபர் முதல் எந்திர வைரத்துக்கு இயற்கை வைரத்தின் நிற, தூய்மைப் படிநிலைகளை வழங்குவதை நிறுத்தி, இரண்டே பொது வகுப்புகளாகப் பிரிக்கிறது. இயற்கை வைரமும் இதனால் பாதிக்கப்படாமல் இல்லை; 2022-ன் தொடக்கத்தில் உச்சத்திலிருந்த அதன் விலையும் அதன்பின் குறைந்தது.

இதன் விளைவு வெறும் விலைப்பட்டியலோடு நிற்பதில்லை. உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களில் பத்தில் ஒன்பது குஜராத்தின் சூரத் நகரைக் கடந்து செல்வதாகச் சொல்வார்கள். இயற்கை வைரத்துக்குத் தேவை குறைந்தபோது அங்குள்ள தொழிலாளர்கள் வேலையும் கூலியும் இழந்தார்கள். இத்தகைய அனுபவம் தமிழகத்துக்குப் புதிதன்று. திருச்சியிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது ஒரு காலத்தில் பல குடும்பங்களின் குடிசைத் தொழில். சீனாவிலிருந்து எந்திரத்தில் பட்டை தீட்டிய மலிவுக் கற்கள் வந்திறங்கியபோது அத்தொழில் நலிந்தது. எந்திரத்தில் செய்யக்கூடியது நாளடைவில் மலிவாகும் என்பது திருச்சி முன்பே கற்ற பாடம்.

மலிவு என்பது எல்லார்க்கும் இழப்பு என்று கொள்ள வேண்டியதில்லை. 2023-ஆம் ஆண்டின் மத்திய பட்ஜெட்டை ஒட்டி, எந்திர வைர ஆய்வுக்காகச் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்தாண்டுகளில் 242.96 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. விதைத் தகடுகளையும் எந்திரங்களையும் உள்நாட்டிலேயே செய்வது அதன் நோக்கம். மின்னணுச் சாதனங்களின் வெப்பத்தை வெளியேற்றவும், மிக நுண்ணிய காந்தப் புலங்களை அளக்கவும் நல்ல வைரம் மலிவாகக் கிடைப்பது பெரும் உதவி.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

ஆக, வைரம் வாங்கும்போது இரண்டு பொருள்களுக்கு விலை கொடுக்கிறோம். ஒன்று கல்லின் குணம். அதை எந்திர வைரம் முழுமையாகத் தருகிறது. மற்றொன்று அதன் பிறப்பு. அது இயற்கை வைரத்துக்கே உண்டு. அழகுக்காக அணிபவர் எந்திர வைரத்தை மனநிறைவுடன் வாங்கலாம். ஆனால் அதைச் சேமிப்பாகக் கருதலாகாது. இயற்கை வைரத்தை விரும்புபவர், அதற்குத் தங்கத்தைப்போல் நாள்தோறும் வெளியாகும் ஒரே விலை கிடையாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். எந்திரக் கல்லை இயற்கைக் கல்லின் விலைக்கு வாங்கிவிடுவதே உண்மையான இழப்பு.

இதைத் தவிர்க்கச் சில வழிகள்:

1. கல் இயற்கையானதா, ஆய்வுக்கூடத்தில் விளைந்ததா என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். 'அசல் வைரம்' என்ற சொல் மட்டும் போதாது. இரண்டும் அசல் வைரமே.

2. நகையில் உள்ள ஹால்மார்க் முத்திரை தங்கத்தின் தூய்மையை மட்டுமே உறுதி செய்கிறது. கல்லைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

3. பெரிய ஒற்றைக் கல்லுக்குத் தனிச் சான்றிதழ் கிடைக்கும். ஏழுகல் தோட்டிலோ இரு காதுக்குமாகப் பதினான்கு சிறு கற்கள். கலப்பு நேர இடமுள்ளது இத்தகைய சிறு கற்களில்தான். எல்லாக் கற்களும் கருவியால் சோதிக்கப்பட்டனவா என்று கேளுங்கள்.

4. திரும்பக் கொடுத்தால் கல்லுக்கு எத்தனை விழுக்காடு கிடைக்கும் என்பதையும், கல்லின் எடை தங்கத்தின் எடையிலிருந்து கழிக்கப்பட்டதா என்பதையும் எழுத்தில் பெறுங்கள்.

இந்த நான்கையும் கேட்பதற்கு இயற்பியல் பட்டம் தேவையில்லை. நேர்மையான வணிகர் எவரும் இவற்றுக்கு எழுத்தில் விடை தரத் தயங்கமாட்டார். தயங்கினால், வேறு கடை பார்ப்பதே நல்லது.