சுவர் தடுக்காத அண்டை வீட்டு அலைகள்



இஷாத் தொழுகை முடிந்து வீடு திரும்பியிருப்பீர்கள். வளைகுடாவில் பணிபுரியும் மகன் முகம் பார்த்துப் பேச அழைப்பான். இரண்டு நிமிடம் தெளிவாகத் தெரிந்த முகம் அப்படியே உறைந்து நிற்கும். குரல் துண்டுதுண்டாக வரும். காலையில் குறைவின்றி இயங்கிய வைஃபை இரவில் மட்டும் ஏன் தடுமாற வேண்டும்? நம்மில் பலருடைய ஐயம் உடனே பக்கத்து வீட்டின் மீது பாய்கிறது. "நம் இணைப்பை அவர்கள்தாம் திருடுகிறார்கள்" என்ற பேச்சு எழுகிறது. ஆண்டாண்டுக் காலமாக நோன்புக் கஞ்சியைப் பரிமாறிக்கொண்ட இரு குடும்பங்கள் முகம் கொடுத்துப் பேசாமற் போவதற்கு அந்தப் பேச்சே போதும்.

பழி சுமத்துவதற்கு முன் சோதித்து அறிய வழியுண்டு. ரவுட்டரின் அடிப்புறச் சீட்டில் 192.168.1.1 என்பது போன்ற ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும் கைப்பேசியின் உலாவியில் அந்த எண்ணைத் தட்டினால் ரவுட்டரின் அமைப்புப் பக்கம் திறக்கும். இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் அங்கேயே உள்ளது. அதில் அந்நியக் கருவி எதுவும் இல்லையென்றால் திருட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. அடுத்து, தடுமாறும் அதே இரவு நேரத்தில் மடிக்கணினியைக் கம்பி மூலம் ரவுட்டருடன் இணைத்துப் பாருங்கள். கம்பியிலும் மந்தமெனில் குறை இணைப்பு வழங்கும் நிறுவனத்தின் பக்கம் இருக்கலாம், அவர்களிடம் முறையிடுங்கள். கம்பியில் விரைவாகவும் காற்றில் மந்தமாகவும் இருந்தால், குறை உங்கள் வீட்டுக் காற்றில்தான் இருக்கிறது.

வைஃபை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டை எவருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டதன்று. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இந்தப் பகுதியை, குறிப்பிட்ட ஆற்றல் வரம்புக்குள், உரிமம் பெறாமல் எவரும் பயன்படுத்தலாமென இந்திய அரசு 2005ஆம் ஆண்டில் விதி வகுத்தது. ஊர்ப் பொதுமந்தை போன்ற இவ்விடத்தில் நம் ரவுட்டர், அண்டை வீட்டு ரவுட்டர், புளூடூத் கருவிகள் எல்லாம் கூடி நிற்கின்றன. சஹர் நேரத்தில் உணவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் அடுப்பும் இதே இடத்தில்தான் இயங்குகிறது. சுவரோடு சுவர் ஒட்டிய நம் தெருக்களிலும், மண்ணடி, திருவல்லிக்கேணி போன்ற நெருக்கமான பகுதிகளிலும் இருபது ரவுட்டர்களின் அலைகள் ஓர் அறைக்குள் வந்து சேர்வது வியப்பன்று. இரவில் எல்லா வீடுகளிலும் ஒரே வேளையில் பயன்பாடு கூடுவதால் நெரிசல் அப்போது வெளிப்படுகிறது.

இந்தப் பட்டையில் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல்கள் உள்ளன. பதின்மூன்று இருக்கின்றனவே, ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரு சேனலின் நடுப்புள்ளிக்கும் அடுத்ததன் நடுப்புள்ளிக்கும் இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு ரவுட்டர் பரவி நிற்பதற்கோ ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ் தேவை. ஆகவே 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றையொன்று உரசாமல் நிற்கும். 1-லும் 6-லும் கூட்டமாக இருக்கிறதென்று நடுவே 3-இல் போய் அமர்பவர், இரு பக்கத்து இரைச்சலையும் வாங்கிக்கொள்வதோடு, இரு பக்கத்தாருக்கும் தாமே இரைச்சலாகிறார்.

மக்தபில் ஓதும் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். ஒரே அறையில் இருக்கும் பிள்ளைகள் ஒருவர் ஓதும்போது மற்றவர் காத்திருப்பர். பாடம் மெதுவாக நடந்தாலும் குழப்பமின்றி நடக்கும். ஒரே சேனலில் உள்ள ரவுட்டர்களும் அவ்வாறே. ஒன்றின் பேச்சை மற்றொன்று கேட்டுப் புரிந்துகொண்டு தன் முறைக்குக் காத்திருக்கும். அடுத்த தெரு ஒலிபெருக்கியோ நம் பாடத்துக்காக நிற்பதில்லை. அரைகுறையாகக் குறுக்கிடும் சேனல் அந்த ஒலிபெருக்கியைப் போன்றது: பேச்சாக அல்லாமல் வெறும் இரைச்சலாக வந்து விழுகிறது, சிதைந்த தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியதாகிறது. எனவே வலுவான அண்டை வீட்டாருடன் 6-ஐப் பகிர்ந்துகொள்வது 4-இல் அல்லது 8-இல் ஒதுங்குவதைவிடப் பெரும்பாலும் மேலானது.

எதைத் தேர்வது? ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை அனலைசர் போன்ற செயலி ஒன்றை நிறுவினால், அக்கம்பக்கத்து அலைகளைக் குன்றுகளைப் போல வரைந்து காட்டும். குன்றுகளின் எண்ணிக்கையைவிட உயரத்தையே முதலில் பாருங்கள். கழித்தல் குறியுடன் காட்டும் எண்ணில் -45 என்பது சுவருக்கு அப்பாலேயே நிற்கும் வலுவான அலை. -88 என்பது பொருட்படுத்தத் தேவையற்றது. மூன்றில் எங்கே உயர்ந்த குன்றுகள் குறைவோ அங்கே ரவுட்டரை நிறுத்துங்கள். அமைப்புப் பக்கத்தில் அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் என்றிருந்தால் 20 ஆக்குங்கள். இந்த நெரிசலில் 40 கேட்பது, பேருந்தில் இருவர் இருக்கையில் ஒருவர் காலை நீட்டிப் படுப்பதற்கு ஒப்பாகும்.

கடைக்காரர் சொன்னாரென்று ரிப்பீட்டர் வாங்கி மாட்டுவோர் பலர். சாதாரண ரிப்பீட்டர் கேட்டதையெல்லாம் அதே சேனலில் மறுபடி ஒலிபரப்புகிறது. ஏற்கெனவே நிரம்பிய காற்றில் இன்னொரு பங்கை அது தின்றுவிடுகிறது. அலை எட்டாத பெரிய வீட்டுக்கு அது உதவலாம், நெரிசலுக்கு மருந்தன்று.

உங்கள் ரவுட்டர் இரு அலைப்பட்டையும் உடையதென்றால், முதலில் செய்ய வேண்டியது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதே. இந்தியாவில் 2018ஆம் ஆண்டு விதிகளால் இப்பட்டையின் பெரும்பகுதி உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. ஒன்றையொன்று உரசாத சேனல்கள் இங்கே ஏராளம். 36, 40, 44, 48 ஆகிய நான்கையும் பெரும்பாலான கருவிகள் ஏற்கும். இதன் அலை சுவரை எளிதில் கடப்பதில்லை என்பதைக் குறையாகச் சொல்வார்கள். ஒட்டிய வீடுகளில் அதுவே அருள். அண்டை வீட்டு அலையும் நம் அறைக்குள் அவ்வளவாக நுழையாது. தாய்மார்கள் அமர்ந்து பேசும் அறையிலேயே ரவுட்டரை வைத்தால் போதும். பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள். இரும்பு அலையை மறிக்கும்.

பழைய கருவிகளால் 2.4-ஐ விட முடியாத வீடுகளும் உண்டு. அவர்கள் அண்டை வீட்டாரிடம் பேசுவதே நல்லது. அடுத்தடுத்த மூன்று வீட்டார் 1, 6, 11 எனப் பிரித்துக்கொண்டால், நான்காம் வீட்டார் தமக்குத் தொலைவிலுள்ள முதல் வீட்டின் எண்ணையே எடுத்துக்கொள்ளலாம். அடுக்ககமென்றால் மேல்மாடியையும் கீழ்மாடியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எண்ணை நிலையாகக் குறித்துவிடுங்கள். தானியங்கி என்று விட்டால் ரவுட்டர் மறுபடி இடம் மாறக்கூடும். மாற்றியபின் நண்பகலில் சோதிப்பதில் பயனில்லை. இரவு ஒன்பது மணியளவில், எல்லா வீடுகளிலும் விளக்கெரியும் வேளையில், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பாருங்கள்.