தரவுத்தளக் கட்டளைவரியில் செயலுருபுகளுடன் துணைநிரலை இயக்குதல்: நீலகிரி ஊர்ப்பெயர்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஊர்ப்பெயர், வட்டார வழக்கு, கல்வெட்டுச் சொல் ஆகியவற்றைத் தொகுக்கும் தமிழாய்வாளர் பலர் இன்று தரவுத்தளங்களைக் கையாள்கின்றனர். அவற்றில் சேமிக்கப்பட்ட துணைநிரலைக் கட்டளைவரியிலிருந்து செயலுருபுகளுடன் இயக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. தேடலில் கிடைக்கும் ‘விடை இல்லை’ என்னும் முடிவு, தரவின் இன்மையைக் காட்டுகிறதா, செயலுருபின் பிழையைக் காட்டுகிறதா எனப் பிரித்தறிய வேண்டியதன் தேவையையும் இது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தரவுத்தளம், துணைநிரல், அளபுரு, செயலுருபு, ஒருங்குறி, நீலகிரி, ஊர்ப்பெயராய்வு.

முன்னுரை

உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என ஆறு வட்டங்களைக் கொண்டது நீலகிரி மாவட்டம். தமிழ், படுகு, தோடா, கோத்தா, இருளம், குறும்பம் முதலிய மொழிகள் இங்கு வழங்குவதால் ஊர்ப்பெயராய்வுக்கு இம்மலை வளமான களமாகும். ஊட்டி, அதிகரட்டி, தும்மனட்டி, கோத்தகிரி, கீழ்குந்தா ஆகிய ஐந்து பெயர்கள் மட்டும் அடங்கிய ஒரு சிறு அட்டவணை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. கட்டற்ற மென்பொருளான போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் அட்டவணை, துணைநிரல், அளபுரு ஆகியவற்றுக்குத் தமிழிலேயே பெயரிட இடமளிப்பதால் அதுவே அடிப்படையாகக் கொள்ளப்பட்டுள்ளது. ஆணைச்சொற்கள் உரோம எழுத்தில் தட்டப்பட வேண்டியவை. இங்கு அவை ஒலிபெயர்ப்பில் தரப்படுகின்றன.

அளபுருவும் செயலுருபும்

மீண்டும் மீண்டும் செய்யவேண்டிய பணியை ஒருமுறை எழுதித் தரவுத்தளத்திலேயே பெயரிட்டுச் சேமித்தால் அது துணைநிரலாகிறது. அதன் வரையறையில் இடம்பெறும் வெற்றிடங்கள் அளபுருக்கள் ஆகும். இயக்கும்போது அவ்விடங்களை நிரப்பத் தரும் மதிப்புகள் செயலுருபுகள் ஆகும். ‘ஊர்’, ‘வட்டம்’ என்னும் இரு அளபுருக்களை உடைய ஊர்_சேர் என்னும் செயல்முறையைப் பின்வருமாறு இயக்கலாம்:

கால் ஊர்_சேர்('கீழ்குந்தா', 'குந்தா');

‘கால்’ என்பது ‘அழை’ எனப் பொருள்படும் ஆணைச்சொல். போஸ்ட்கிரெஸில் 2018இல் வெளிவந்த 11ஆம் பதிப்பு முதல் இது உள்ளது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் இதே சொல்லைப் பயன்படுத்துகிறது. ஆரக்கிளின் எஸ்க்யூஎல் பிளஸ் கட்டளைவரியில் ‘எக்சிக்யூட்’ என்றும், எஸ்க்யூஎல் சர்வரில் ‘எக்செக்’ என்றும் தட்ட வேண்டும். பின்னதில் செயலுருபுகளை அடைப்புக்குறிக்குள் இடுவதில்லை. விடையை வரிசைகளாகத் திருப்பித் தரும் செயற்கூறாயின் போஸ்ட்கிரெஸில் அதனைத் தேர்வு ஆணையின் வழியே அழைக்க வேண்டும்:

செலக்ட் * ஃப்ரம் ஊர்_தேடு('ட்டி');

மேற்கோள்குறியும் வரிசைமுறையும்

உரைவடிவச் செயலுருபை நேரான ஒற்றை மேற்கோள்குறிக்குள் இடுதல் இன்றியமையாதது. குறியின்றித் தட்டினால் கணினி அதனை ஒரு நெடுவரிசையின் பெயராகக் கருதி, அப்பெயரில் நெடுவரிசை இல்லை எனப் பிழை காட்டும். சொற்செயலியிலிருந்து வளைந்த மேற்கோள்குறியுடன் நகலெடுத்து ஒட்டினாலும் இதுவே நிகழும். இறுதியில் அரைப்புள்ளி விடுபட்டால் ஆணை இயங்காது. தூண்டுகுறி மாறி அடுத்த வரிக்காகக் காத்திருக்கும்.

இவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள். ஊர்_சேர்('குந்தா', 'கீழ்குந்தா') என வரிசை மாறித் தட்டினால் எந்தப் பிழைச்செய்தியும் தோன்றாது. இரண்டும் உரைவடிவமே என்பதால் தவறான தரவு அமைதியாகப் பதிவாகிவிடும். இதனைத் தவிர்க்க அளபுருவின் பெயரைச் சுட்டி அழைக்கலாம்:

கால் ஊர்_சேர்(வட்டம் => 'குந்தா', ஊர் => 'கீழ்குந்தா');

இம்முறையில் வரிசை மாறினும் பொருள் மாறாது.

விடையின்மையும் தமிழ் எழுத்தமைப்பும்

படுகு மொழியில் ஊரைக் குறிக்கும் ‘ஹட்டி’ என்னும் சொல் தமிழில் ‘அட்டி’ என வழங்கும். ஊர்_தேடு என்பது தரப்பட்ட பின்னொட்டில் முடியும் பெயர்களைத் தேடும் செயற்கூறு எனக் கொள்வோம். 'அட்டி' என்னும் செயலுருபுடன் இயக்கினால் ஒரு பெயரும் கிடைக்காது. அதிகரட்டி, தும்மனட்டி ஆகியவற்றில் அகரம் முன்னுள்ள மெய்யோடு புணர்ந்து ர, ன என உயிர்மெய்யாகிவிட்டது. தனி அகரம் ஈற்றுப்பகுதியில் இல்லை. 'ட்டி' எனத் தந்தால் அவ்விரண்டும் கிடைக்கும். உடன் ‘ஊட்டி’யும் வந்துசேரும். அது ‘அட்டி’ ஈறு கொண்ட பெயரன்று. உதகமண்டலத்தின் ஆங்கில வழக்கான ஊட்டகமண்ட் என்பதன் குறுக்கம். ஆகவே முதல் செயலுருபு உள்ளதை மறைக்கிறது. இரண்டாவது அல்லாததையும் சேர்க்கிறது. எது ‘அட்டி’ ஈறு என முடிவு செய்யும் பொறுப்பு ஆய்வாளரையே சாரும்.

மற்றொரு சிக்கல் ஒருங்குறி சார்ந்தது. ‘கோத்தகிரி’யின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும், ஏகாரக் குறி, ஆகாரக் குறி என இரண்டாகவும் பதிய முடியும். முன்னதில் அப்பெயர் 9 குறியீடுகள், பின்னதில் 10. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ அவை வெவ்வேறு சொற்கள். ஒரு வடிவில் பதிந்த பெயரை மற்றொரு வடிவில் தேடினால் விடை வராது. ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இது பொருந்தும். போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பில் (2020) அறிமுகமான ‘நார்மலைஸ்’ செயற்கூறு இவ்விரு வடிவங்களையும் ஒன்றாக்கும். பதியும் துணைநிரல், தேடும் துணைநிரல் ஆகிய இரண்டிலும் செயலுருபை முதலில் இதன்வழிச் செலுத்துதல் நலம்.

முடிவுரை

துணைநிரலை அழைக்கும் வரி எளியது. அதற்குத் தரும் செயலுருபே முடிவைத் தீர்மானிக்கிறது. பிழைச்செய்தி தோன்றாமை சரியான விடைக்குச் சான்றாகாது. ‘இவ்வட்டாரத்தில் இவ்வீறு வழங்கவில்லை’ என எழுதுவதற்கு முன், தரவில் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த ஒரு பெயரைக் கொண்டு அதே துணைநிரலை இயக்கிப் பார்த்தல் வேண்டும். அப்பெயரும் கிடைக்கவில்லையெனில் குறை களத்தில் இல்லை, கட்டளையில் உள்ளது எனத் தெளியலாம். பயன்படுத்திய செயலுருபுகளை ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவ்வாறே பதிவு செய்வது, பிறர் அம்முடிவை மீண்டும் சோதித்தறிய வழிவகுக்கும்.