ஐபிவி6-க்கு மாறலாமா?

கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வருக்கான முகவரிகளில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, பழைய இணைய முகவரி முறையான ஐபிவி4-இல் 8.8.8.8. மற்றொன்று, புதிய முறையான ஐபிவி6-இல் 2001:4860:4860::8888. முதலாவது ஒருமுறை கேட்டாலே மனதில் நிற்கும். இரண்டாவதைப் பார்த்துப் பார்த்துத்தான் தட்டச்சு செய்ய வேண்டும். ஐபிவி6 என்றதும் பல அலுவலகங்கள் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட இந்த நீளமும் ஒரு காரணம்.

1981-இல் வரையறுக்கப்பட்ட ஐபிவி4-இல் மொத்த முகவரிகள் சுமார் 429 கோடி. அன்றைய உலக மக்கள்தொகைக்கே அது போதாது. 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி மையக் கையிருப்பு தீர்ந்தது. அதே ஆண்டு, திவாலான நார்டெல் நிறுவனத்தின் 6,66,624 முகவரிகளை மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. அமேசானின் கிளவுட் சேவையோ 2024 பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 44 டாலர். ஐபிவி6-க்கு இந்தக் கட்டணம் இல்லை.

தட்டுப்பாட்டைச் சமாளிக்க, இணைய நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. அதில் ஒருவர் ஸ்பேம் அனுப்பி அந்த முகவரி முடக்கப்பட்டால், சம்பந்தமே இல்லாத மற்றவர்களும் சேர்ந்து அவதிப்படுகிறார்கள்.

அப்படியானால் ஏன் தயக்கம்? இரண்டு நெறிமுறைகளும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாது. ஆகவே இரண்டையும் அருகருகே ஓட்ட வேண்டும், பராமரிப்பும் இரட்டிப்பாகும். இதில் ஆபத்தான ஓட்டை ஃபயர்வாலில் இருக்கிறது. லினக்ஸில் 'ஐபிடேபிள்ஸ்' விதிகள் ஐபிவி4-க்கு மட்டுமே பொருந்தும். ஐபிவி6-க்கு 'ஐபி6டேபிள்ஸ்' என்று தனியாக எழுத வேண்டும். பல இயங்குதளங்களில் ஐபிவி6 தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். நிர்வாகி அடைத்துவிட்டதாக நம்பும் போர்ட், இன்னொரு பக்கம் திறந்தே கிடக்கலாம். ஐபிவி6-ஐக் கண்டுகொள்ளாமல் விட்டவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு என்பதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் ஐபிவி6-க்கு மாறலாமா என்ற கேள்வி இன்னும் நெருக்கமானது. 2016-இல் ஜியோ வந்தபின் மொபைல் வழியாக ஐபிவி6 வேகமாகப் பரவியது; இன்று இந்தியப் பயனர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் அது இருக்கிறது.

ஆகவே இங்கே இணையதளம் நடத்துபவர்கள் முதலில் ஃபயர்வால் விதிகளைச் சரிபார்த்துவிட்டு, தளத்துக்கு ஐபிவி6 முகவரியையும் சேர்த்துவிடலாம். பழையதை நிறுத்த வேண்டியதில்லை. அலுவலகத்துக்குள் இருக்கும் பிரிண்டர்கள் காத்திருக்கட்டும். ஆனால் அடுத்த ரவுட்டர் வாங்கும்போது, ஐபிவி6 முழுமையாக இயங்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.